யார் வீட்டுப் பெண்?

நேயர்களுக்கு வணக்கம்.

2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 7. உத்தரப் பிரதேசத்தின் மேற்கே, முசாஃபர்நகர் மாவட்டம். கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு நிற்கிற பூமி. அங்கே நங்லா மந்தோர் என்கிற ஊரில், டிராக்டர் டிராக்டராகப் பல்லாயிரம் ஆண்கள் வந்து கூடினார்கள். மகாபஞ்சாயத்து. அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ‘பகூ பேட்டி பச்சாவ்.’ மருமகளைக் காப்போம், மகளைக் காப்போம் என்று அர்த்தம்.

அதற்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் கவால் என்ற கிராமத்தில் ஒரு தகராறு நடந்து மூன்று இளைஞர்கள் இறந்திருந்தார்கள். ஒருவர் முஸ்லிம். இரண்டு பேர் ஜாட் சமூகத்தைச் சேர்ந்த உறவுக்காரப் பையன்கள். வண்டி இடித்துக்கொண்டதில் வந்த சண்டை என்று ஒரு பக்கம் சொன்னார்கள். தங்கையைச் சீண்டியதைத் தட்டிக் கேட்கப் போனார்கள் என்று மறுபக்கம் சொன்னார்கள். ஊர் ஊராகப் பரவியது இந்த இரண்டாவது கதைதான். கூடவே செல்போன்களில் ஒரு வீடியோவும் பரவியது. ‘நம்ம பையன்களை அடித்துக் கொல்கிறார்கள், பாருங்கள்’ என்று. அது பாகிஸ்தானில் சியால்கோட் நகரத்தில் 2010-இல் எடுத்த வீடியோ. கவாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பெண்களைக் காப்பதற்கென்று கூடிய கூட்டம் கலைந்த பிறகு அந்த மாவட்டம் பற்றி எரிந்தது. 60 பேருக்கு மேல் செத்தார்கள். 50,000 பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஃபுகானா காவல் நிலைய எல்லைக்குள் இருந்த ஊர்களில், தங்களைக் கூட்டாக வன்கொடுமை செய்தார்கள் என்று ஏழு பெண்கள் பின்னர் முன்வந்து புகார் கொடுத்தார்கள். வந்தவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊர்க்காரர்கள்.

மகளைக் காப்போம் என்ற பெயரில் கூடியதற்கும் மறுநாள் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு நேர்ந்ததற்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக நமக்குத் தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. இன்றைக்கு இந்த ஒலிவாங்கி முன்னால் நான் உட்கார்ந்திருப்பதே, அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காகத்தான். இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து வருகின்றன.

நான் வழக்கறிஞர். மகளிர் நீதிமன்றத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக வழக்காடுகிறேன். என் கட்சிக்காரர்களோடு காவல் நிலையத்துக்குப் போகும்போது திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கேள்வி உண்டு. தாயும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு வாயே எழும்பாது. எழுதுகிறவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டு முதலில் கேட்பது, ‘என்னம்மா நடந்தது?’ என்றா? இல்லை. ‘எந்த ஊரு? எந்தத் தெரு? என்ன ஆளுங்க?’ அடுத்தது, ‘பையன் என்ன ஆளுங்க?’ இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு அறையில் இருக்கிற முகங்களே மாறிவிடும். சில பதில்களுக்கு வேகம் வரும். சில பதில்களுக்கு ‘பேசி முடிச்சுக்கலாமே’ என்று வரும். நடந்தது என்ன என்பது அதற்கு அப்புறம்தான்.

நம் பழைய சொற்களையும் கொஞ்சம் பாருங்கள். ‘கற்பழிப்பு’ என்று எத்தனை காலம் எழுதினோம், படித்தோம். அழிந்தது கற்பு என்றால், யாருடைய சொத்து அழிந்தது? அவள் உடம்பு வலித்ததே, அவள் விருப்பத்தை மிதித்தார்களே, அதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை. ‘மானபங்கம்’ என்றோம். யார் மானம்? அப்பன் மானம், குடும்பத்து மானம், ஊர் மானம். பெண்ணின் உடம்பை ஊர் மானத்தைக் கட்டிவைக்கிற தூணாக நினைக்கிற இந்தப் பழக்கம் எந்தக் கட்சியும் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. நம் வீடுகளில் இருந்ததுதான். தீவிர வலதுசாரி அரசியல் அதை எடுத்து அணிவகுப்பு நடத்தக் கற்றுக்கொண்டது. ‘நம்ம பெண்’ என்று ஒரு பட்டியல், ‘அவங்க பெண்’ என்று ஒரு பட்டியல். நம்ம பெண்ணைப் பூட்டிவை, அவங்க பெண்ணை உடை. இரண்டு பட்டியலிலும் பெண் இருக்கிறாள். எதிலும் அவளுக்குப் பேச்சு இல்லை.

இதை நானாக இட்டுக்கட்டிச் சொல்வதாக யாராவது நினைக்கலாம். எழுத்திலேயே இருக்கிறது. இந்துத்துவம் என்கிற கோட்பாட்டை வகுத்துக் கொடுத்த சாவர்க்கர், தன் கடைசிக் காலத்தில் இந்திய வரலாற்றின் ஆறு பொற்காலங்கள் என்று ஒரு நூல் எழுதினார். அதில் சிவாஜியைப் பற்றி ஒரு இடம் வருகிறது. கல்யாண் நகரத்து முஸ்லிம் ஆளுநரின் மருமகளைப் படைவீரர்கள் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியபோது, சிவாஜி அந்தப் பெண்ணை மரியாதையோடு திருப்பி அனுப்பினார் என்பது மகாராஷ்டிரத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த கதை. மும்பைக்கு அருகே வசை என்ற ஊரில் போர்ச்சுகீசிய ஆளுநரின் மனைவியை மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா திருப்பி அனுப்பினார் என்பது இன்னொரு கதை. தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு சொல்லப்பட்ட இந்த இரண்டு செய்கைகளையும் சாவர்க்கர் குற்றம் சொல்கிறார். எதிரிகளிடம் சிக்கிச் சீரழிந்த லட்சக்கணக்கான இந்துப் பெண்களின் ஓலம் அவர்கள் காதில் விழவில்லையா என்று கேட்கிறார். எதிரியின் பெண்களுக்கும் அதே கதி நேரும் என்ற பயம் இருந்திருந்தால் எதிரி துணிந்திருக்க மாட்டான் என்று வாதிடுகிறார். பெண்ணை மதித்துத் திருப்பி அனுப்புவது அவர் கணக்கில் வழிதவறிப்போன நற்குணம்.

அந்தப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனதை அறுத்தது ஒன்றே ஒன்று. ‘சீரழிந்த இந்துப் பெண்கள்’ என்று அவர் உருகுகிற இடத்தில்கூட அந்தப் பெண்களுக்காக உருகவில்லை. கணக்கு நேர் செய்யத்தான் உருகுகிறார். ஒரு பெண்ணின் துன்பம், இன்னொரு பெண்ணின் உடம்பில் எழுதித் தீர்க்க வேண்டிய கடனாக ஆகிவிடுகிறது.

அப்படி எழுதப்பட்ட கடன் எப்படி வசூலாகிறது என்று பார்க்க வேண்டுமானால் குஜராத்துக்குப் போக வேண்டும். 2002 பிப்ரவரி 27, கோத்ராவில் ரயில் பெட்டி எரிந்து 59 பேர் இறந்தார்கள். கொடுமையான சாவு. மறுநாள் ஒரு பெரிய குஜராத்தி நாளிதழ், ரயிலிலிருந்து பத்துப் பதினைந்து இந்துப் பெண்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி போட்டது. பொய்ச் செய்தி. போலீஸே மறுத்தது. ஆனால் மறுப்பு போய்ச் சேருவதற்குள் பொய் போய்ச் சேர்ந்துவிட்டது. சாவுக்கு வருகிற கோபம் வேறு. ‘நம்ம பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்’ என்பதற்கு வருகிற வெறி வேறு. இது தெரிந்தவர்கள்தான் அந்த வரியை ஒவ்வொரு முறையும் தேடி எடுக்கிறார்கள்.

தாகோத் மாவட்டத்தில் ரந்திக்பூர் என்று ஒரு ஊர். பில்கிஸ் பானுவுக்கு அப்போது 21 வயது. ஐந்து மாதக் கர்ப்பிணி. மூன்று வயதில் ஒரு மகள். பிப்ரவரி 28 அன்று குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். மசூதியில் ஒரு இரவு, தெரிந்தவர் வீட்டில் ஒரு இரவு என்று நடந்தே போனார்கள். மார்ச் 3 அன்று ஒரு கும்பல் அவர்களைச் சுற்றிக்கொண்டது. கும்பலில் இருந்தவர்களைப் பில்கிஸ் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர். அவர்கள் வீடுகளுக்குப் பில்கிஸின் குடும்பம் பால் ஊற்றியிருக்கிறது. அவரைக் கூட்டாக வன்கொடுமை செய்தார்கள். குடும்பத்தில் 14 பேரைக் கொன்றார்கள். அந்த மூன்று வயதுக் குழந்தையையும் கொன்றார்கள். பில்கிஸ் செத்துவிட்டார் என்று நினைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நினைவு திரும்பியபோது அவர் உடம்பில் துணி இல்லை. கிடைத்த ஒரு உள்பாவாடையைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறி ஒளிந்திருந்தார். மறுநாள் தாகம் தாங்காமல் இறங்கி வந்தபோது ஒரு அடிபம்பு அருகே ஆதிவாசிப் பெண் ஒருவரைப் பார்த்தார். அந்தப் பெண் உடுத்திக்கொள்ளத் துணி கொடுத்தார். அந்தத் துணியைக் கட்டிக்கொண்டுதான் பில்கிஸ் லிம்கேடா காவல் நிலையத்துக்குப் போனார். போய், செய்தவர்களின் பெயரைச் சொன்னார். எழுதியவர் பெயர்களை எழுதவில்லை. வன்கொடுமையையும் எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். பிற்பாடு வாக்குமூலத்தில் முன்னுக்குப் பின் முரண் இருக்கிறதென்று வழக்கையே மூடினார்கள்.

தேசிய மனித உரிமை ஆணையம் துணை நின்றது. உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. மிரட்டல் காரணமாக வழக்கு மும்பைக்கு மாறியது. 2008 ஜனவரி 21 அன்று 11 பேருக்கு ஆயுள் தண்டனை. 2017-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததோடு, தடயத்தை மறைத்த காவலர்களையும் மருத்துவர்களையும் குற்றவாளிகள் என்றது. அத்தனை வருஷமும் அந்தக் குடும்பம் ஒரு ஊரில் நிலைத்து இருக்க முடியாமல் வீடு மாற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு 2022 ஆகஸ்ட் 15. நாட்டின் 75 ஆண்டு சுதந்திரத்தைக் கொண்டாடிய காலை. செங்கோட்டையில் பிரதமர், பெண்களை இழிவுபடுத்தும் பேச்சையும் நடத்தையையும் விட்டொழிக்க உறுதி எடுப்போம் என்றார். அன்றைக்கே கோத்ரா கிளைச் சிறையிலிருந்து அந்த 11 பேரும் தண்டனைக் குறைப்பில் வெளியே வந்தார்கள். சிறை வாசலில் அவர்களை வரிசையாக நிறுத்தி இனிப்பு ஊட்டினார்கள். மாலை போட்டார்கள். காலில் விழுந்து கும்பிட்டவர்களும் உண்டு. விடுதலைக்குப் பரிந்துரைத்த குழுவில் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், கோத்ரா தொகுதியின் உறுப்பினர், இவர்கள் பிராமணர்கள், நல்ல சம்ஸ்காரம் உள்ளவர்கள் என்று பேட்டி கொடுத்தார்.

நான் காவல் நிலையத்தில் கேட்ட ‘என்ன ஆளுங்க?’ என்ற கேள்விக்கு, கேட்காமலே வந்த பதில் அது. அந்த மாலையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். குற்றம் நடக்கவில்லை, இவர்கள் அப்பாவிகள் என்று நம்பி மாலை போட்டிருந்தால், அது அறியாமை. ஆனால் மூன்று நீதிமன்றங்கள் பார்த்து முடித்த வழக்கு அது. நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே போட்ட மாலை. பில்கிஸ் அவர்கள் பட்டியலில் பெண்ணாகவே இடம்பெறவில்லை.

அந்த விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் சுபாஷிணி அலியும் ஒருவர். நம் சென்னையில் வளர்ந்து நேதாஜியின் படையில் பெண்கள் ரெஜிமென்ட்டை நடத்திய கேப்டன் லட்சுமியின் மகள். இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, அதனால் சொல்லிவிட்டேன். 2024 ஜனவரி 8 அன்று நீதிபதிகள் நாகரத்னாவும் உஜ்ஜல் புயானும் விடுதலையை ரத்து செய்தார்கள். ஜனவரி 21, நள்ளிரவு நெருங்குகிற நேரத்தில் 11 பேரும் அதே கோத்ரா சிறைக்குத் திரும்பினார்கள். முதலில் தண்டனை கிடைத்த நாளிலிருந்து சரியாகப் பதினாறு வருஷம். மார்பின் மேல் மலையளவு இருந்த கல் இறங்கியது போல இருக்கிறது, என்னால் மூச்சுவிட முடிகிறது என்று தீர்ப்பன்று பில்கிஸ் சொன்னார்.

இனி, பட்டியலின் மறுபக்கத்துக்கு வருகிறேன். ‘நம்ம பெண்.’ இவளுக்கு என்ன நடக்கிறது?

சேலத்தில் ஹோமியோபதி படித்துக்கொண்டிருந்தார் கேரளப் பெண் ஒருவர். ஹாதியா. வைக்கத்தில் பிறந்தவர். தானாக இஸ்லாத்துக்கு மாறினார், தானாக ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருமணத்தைச் செல்லாது என்றது. 24 வயதுப் பெண் பலவீனமானவள், எளிதில் ஏமாற்றப்படக் கூடியவள் என்று தீர்ப்பில் எழுதியது. முறைப்படி திருமணமாகும் வரை மகள் பெற்றோர் பொறுப்பில் இருப்பதுதான் இந்திய மரபு என்றும் எழுதியது. 24 வயதில், மருத்துவம் படித்த பெண். தந்தை வீட்டில் போலீஸ் காவலோடு மாதக் கணக்கில் அடைபட்டிருந்தார். நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும்போது, கொச்சி விமான நிலையத்தில் போலீஸ் தள்ளிக்கொண்டு போக, பத்திரிகையாளர்களைப் பார்த்து, யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று கத்திச் சொன்னார். உனக்கு என்ன வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டபோது, சுதந்திரம் வேண்டும் என்றார். படிப்பை முடிக்கச் சேலத்துக்கு அனுப்பினார்கள். 2018 மார்ச் 8 அன்று திருமணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இந்த மாதிரித் திருமணங்களுக்கு வைத்திருக்கிற பெயர்தான் ‘லவ் ஜிகாத்’. அப்படி ஒன்று இப்போதைய சட்டங்களில் வரையறுக்கப்படவில்லை, மத்திய விசாரணை அமைப்புகள் எதுவும் அப்படி ஒரு வழக்கைப் பதியவில்லை என்று 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறையே நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு பல மாநிலங்கள்.

நம் ஊரில் இதெல்லாம் இல்லை என்று மார் தட்ட என்னால் முடியாது. ‘நாடகக் காதல்’ என்ற சொல் எங்கே பிறந்தது? ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு நம்ம வீட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று தலித் இளைஞர்களைப் பற்றி மேடை போட்டுப் பேசியது எந்த மாநிலத்தில்? 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, தர்மபுரியில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். சைக்கிள், பீரோ, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று எல்லாம் கருகியது. மதம் என்ற இடத்தில் சாதி. மற்றபடி அதே வரி: நம்ம பெண்ணுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, அவளை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பெண் என்பதோடு இவர்கள் நிற்பதில்லை. அவளுடைய கருப்பை வரைக்கும் போவார்கள். இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதம், குருநாகல் மருத்துவமனையில் ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்கள பௌத்தத் தாய்மார்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு சிங்கள நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டது. மறுநாளே டாக்டர் ஷாஃபி கைதானார். குற்றப் புலனாய்வுத் துறை ஆதாரம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள் நூற்றுக்கணக்கில் வந்து புகார் கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தன் வயிற்றுக்குள் யாரோ கை வைத்துவிட்டான் என்று தினமும் டி.வி.யில் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் பயம் வராது? 2022-இல் டாக்டர் ஷாஃபிக்கு நிலுவைச் சம்பளம் ஏறத்தாழ 27 லட்சம் ரூபாய் கிடைத்தது. அப்போது இலங்கை ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாத நேரம். அந்தப் பணத்தை அப்படியே அவர் மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.

கத்துவாவைச் சொல்லாமல் போக முடியாது, ஆனால் சுருக்கமாகவே சொல்வேன். 2018 ஜனவரி, ஜம்மு பக்கம் ரசானா கிராமம். ஆடு, குதிரை மேய்க்கிற பக்கர்வால் நாடோடிச் சமூகத்துக் குழந்தை. எட்டு வயது. கடத்தி, வன்கொடுமை செய்து கொன்றார்கள். அந்தச் சமூகத்தை அந்தப் பகுதியை விட்டு விரட்டுவதற்கென்றே திட்டமிட்டுச் செய்தது என்கிறது குற்றப்பத்திரிகை. குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கு ஆதரவாக தேசியக்கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். பா.ஜ.க. அமைச்சர்கள் இரண்டு பேர் அவர்களோடு மேடையேறினார்கள், பிறகு பதவி விலக வேண்டி வந்தது. குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்ய விடாமல் நீதிமன்ற வாசலில் மறித்தது என் தொழிலைச் சேர்ந்தவர்கள். கறுப்புக் கோட்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

இது ஏதோ நம் துணைக்கண்டத்து வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின ஆண்களை மரத்தில் கட்டித் தூக்கியபோதெல்லாம் சொன்ன காரணம் என்ன? வெள்ளைப் பெண்ணின் மானம். மெம்ஃபிஸ் நகரத்தில் ஐடா பி. வெல்ஸ் என்று ஒரு கறுப்பினப் பத்திரிகையாளர். அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் ஆரம்பத்தில் இந்தக் காரணத்தைப் பாதி நம்பித்தான் இருந்தார். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் ஒருவரையும் கூட இருந்த இரண்டு பேரையும் சிறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் எந்தப் பெண்ணையும் தொடவில்லை. ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார்கள், அது வெள்ளைக்காரர் கடையின் வியாபாரத்தைக் கெடுத்தது. அவ்வளவுதான். வெல்ஸ் உட்கார்ந்து கணக்கெடுக்க ஆரம்பித்தார். வெள்ளையர் பத்திரிகைகளில் வந்த எண்ணிக்கையையே எடுத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகளில் 728 பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கினர் மேல்தான் வன்கொடுமைக் குற்றச்சாட்டே இருந்தது. நிரூபணத்தைச் சொல்லவில்லை, குற்றச்சாட்டையே சொல்கிறேன். வெள்ளை ஆண்கள் சீரழித்த கறுப்பினப் பெண்களுக்காக ஒரு கயிறும் எடுக்கப்படவில்லை என்பதையும் அவர் சேர்த்து எழுதினார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் கொல்வோம் என்றார்கள்.

அந்தப் பேச்சு செத்துப்போய்விடவில்லை. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத்துக் கறுப்பினத் தேவாலயத்தில் ஒரு வெள்ளை இளைஞன் துப்பாக்கியோடு எழுந்து நின்று, நீங்கள் எங்கள் பெண்களைச் சீரழிக்கிறீர்கள் என்று சொல்லிச் சுட்டான். இறந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள். பைபிள் வகுப்புக்கு வந்திருந்தவர்கள்.

என்னிடம் கூட்டங்களில் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘அப்படியானால் சிறுபான்மைச் சமூகத்து ஆண்கள் தப்பே செய்வதில்லையா, அதைப் பேசக் கூடாதா?’ நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் ராதர்ஹாம் என்ற ஊரில் 1997-இலிருந்து 2013 வரை ஏறத்தாழ 1,400 குழந்தைகள், பெரும்பாலும் சிறுமிகள், பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014-இல் அலெக்சிஸ் ஜே அறிக்கை சொன்னது. செய்தவர்களில் பெரும்பான்மையோர் பாகிஸ்தானிய வம்சாவளி ஆண்கள். இனவெறியர் என்று பெயர் வருமோ என்று சில அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. அந்த ஏழைச் சிறுமிகளை, ‘இதுகளே இப்படித்தான்’ என்று போலீஸ் அலட்சியமாக நடத்தியதும் அறிக்கையில் இருக்கிறது. இரண்டும் குற்றம். அந்த மௌனத்தை நான் மன்னிக்க மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டால், அந்தக் காலியிடத்தில் மேடை போட ஆள் தயாராக இருக்கிறது.

மேடை போட்டவர் என்ன செய்தார் என்றும் பாருங்கள். 2018 மே மாதம், ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்துச் சிறுமிகள் வழக்கு லீட்ஸ் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. செய்தி வெளியிடத் தடை இருந்தது, ஜூரிகளின் மனதைக் கலைக்கக் கூடாது என்பதற்காக. டாமி ராபின்சன் என்ற வலதுசாரிப் பிரமுகர் வாசலில் நின்று குற்றம்சாட்டப்பட்டவர்களை ஃபேஸ்புக்கில் நேரலை செய்தார். அதனால் வழக்கே குலைந்துபோகிற ஆபத்து வந்தது. குலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தச் சிறுமிகள் மறுபடி கூண்டில் ஏறி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, வழக்கு நின்றது, 20 பேருக்குத் தண்டனை கிடைத்தது. நீதிமன்ற அவமதிப்புக்காக ராபின்சன் சிறைக்குப் போனார். ஒரு வழக்கறிஞராகச் சொல்கிறேன், வன்கொடுமைக்கு ஆளான பெண்ணை ஒரு முறை சாட்சி சொல்ல வைப்பதே எங்களுக்கு எவ்வளவு பாடு. அதைப் பணயம் வைக்கத் துணிகிறவர் அவளுக்காக வந்தவர் இல்லை.

அமெரிக்கக் கதையில் விட்டுப்போன ஒரு துண்டு உண்டு. 1930-இல் அட்லாண்டாவில் ஜெஸ்ஸி டேனியல் ஏம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி, தென்மாநில வெள்ளைப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். எங்கள் மானத்தின் பெயரைச் சொல்லி யாரையும் கொல்லாதீர்கள் என்று பல்லாயிரம் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார். தேவாலயத்துப் பெண்கள், கிராமத்து வீட்டுப் பெண்கள். சிலர் தங்கள் ஊர் ஷெரிஃபிடமே போய், கைதியைக் கும்பலிடம் விடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். கறுப்பினப் பெண்கள் பல்லாண்டு சொல்லிவந்ததைத்தான் இவர்கள் காலம் தாழ்த்திச் சொன்னார்கள், அதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் ‘நம்ம பெண்’ என்று பட்டியலில் வைக்கப்பட்டவளே எழுந்து, என் பெயரை எடு என்று சொல்வதற்கு ஒரு பலம் இருக்கிறது. நம் வீடுகளில், ‘நம்ம பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பு இல்ல’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும்போது, அதைப் படிக்கிற நம்ம பொண்ணு என்ன சொல்கிறாள் என்று நான் எப்போதும் கவனித்துப் பார்ப்பேன். அநேகமாக அவள்தான் முதலில், ‘இது எப்போ நடந்ததாம், யார் சொன்னா?’ என்று கேட்கிறாள்.

முசாஃபர்நகரில் விட்ட இடத்துக்கு வருகிறேன். புகார் கொடுத்த ஏழு பெண்களின் கதி என்ன ஆயிற்று? உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 2014 மார்ச்சில் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. வழக்குகள் நகரவில்லை. அந்தப் பெண்கள் முகாம்களிலும் வேறு ஊர்களிலும் கூலி வேலை செய்துகொண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வந்தார்கள். குடும்பத்தையே கொன்றுவிடுவோம் என்று மிரட்டல். ஒருவர் 2016-இல் பிரசவத்தில் இறந்துபோனார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கினார்கள், சாட்சி சொல்லவில்லை, குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். கடைசி வரைக்கும் ஒரே ஒருவர் நின்றார். வழக்கறிஞர் விருந்தா குரோவர் அவருக்காக வாதாடினார். வழக்கு நடக்கும்போதே குற்றம்சாட்டப்பட்ட மூவரில் ஒருவர் இறந்துவிட்டார். 2023 மே 9 அன்று மற்ற இருவருக்கும் 20 ஆண்டு சிறைத் தண்டனை. டெல்லி மாணவிக்கு நேர்ந்ததற்குப் பிறகு, கலவர நேரத்து வன்கொடுமைக்கென்று 2013-இல் நாடாளுமன்றம் தனியாக ஒரு பிரிவைச் சேர்த்திருந்தது. அந்தப் பிரிவின் கீழ் வந்த தண்டனை அது.

ஏறத்தாழ பத்து வருஷம் அவர் அந்த நீதிமன்றப் படியேறியிருக்கிறார். அவரும் அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு மருமகள்தான்.

நன்றி. வணக்கம்.